ஆகாயத் தலத்துக்கு ஆகாய வழி

பஞ்சபூதத் தலங்களில் சிதம்பரம் ஆகாயத் தலம். காஞ்சிபுரத்தில் மண், திருவானைக்காவில் நீர், திருவண்ணாமலையில் நெருப்பு, காளஹஸ்தியில் காற்று. தில்லையிலோ வெறும் வெளி. திரையை விலக்கி அந்த வெளியைத்தான் காட்டுகிறார்கள். சிதம்பர ரகசியம் என்று பெயர். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்: இந்த ஆகாயத் தலத்துக்கு ஆகாய மார்க்கமாகப் போய் இறங்க வழியில்லை. சிதம்பரத்திலும் விமான நிலையம் கிடையாது. ஜில்லாத் தலைநகரான கடலூரிலும் கிடையாது.

கிடையாவிட்டால் என்ன, கேட்கக்கூடத் தடையா? கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஆகாயத்தில் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று கைபேசியிடம் கேட்டால், கண்ணை மூடித் திறப்பதற்குள் கணக்கு வந்து விழுகிறது. தூரம் சுமார் 40 கிலோமீட்டர். சின்ன விமானத்தின் வேகத்தால் அதை வகுத்தால் ஐந்து நிமிஷம்.

ஐந்து நிமிஷம்! நாலு அப்பளம் பொரித்து எடுக்கிற நேரம். பஸ்ஸில் போனால் ஒரு மணிக்கு மேல் ஆகிறது. ரயிலில் போனாலும் முக்கால் மணியோ ஒரு மணியோ ஆகிவிடுகிறது. அப்படியானால் அந்த ஐந்து நிமிஷம் எங்கிருந்து வந்தது? மீதி நேரமெல்லாம் எங்கே போகிறது? இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி அல்ல. வெளிநாட்டிலிருந்து பிள்ளை வருகிறான் என்றாலும் சரி, உடம்பு சரியில்லாதவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவேண்டும் என்றாலும் சரி, நம் வீடுகளில் முதலில் போடுகிற கணக்கு இதுதான். அந்தக் கணக்கில்தான் பலரும் ஏமாந்து போகிறோம்.

கொக்கு பறக்கிற தூரம்

ஆகாய தூரத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. பிள்ளைகளின் பூகோளப் புத்தகமும் ஒரு பென்சிலும் போதும். கடலூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11¾ டிகிரியில் இருக்கிறது. சிதம்பரம் 11.4 டிகிரியில் இருக்கிறது. வித்தியாசம் ஏறக்குறைய மூன்றில் ஒரு டிகிரி. ஒரு டிகிரி என்பது பூமியின் மேல் சுமார் 111 கிலோமீட்டர். வகுத்துப் பெருக்கி, சிதம்பரம் கொஞ்சம் மேற்கே தள்ளியிருப்பதையும் சேர்த்துக்கொண்டால் 40 கிலோமீட்டர், அதாவது 25 மைல், வந்துவிடும். இதுதான் கொக்கு பறக்கிற தூரம்.

தூர தேசங்களுக்கு மட்டும் ஒரு சூட்சுமம் உண்டு. பூமி உருண்டை அல்லவா? ஒரு பந்தின் மேல் இரண்டு புள்ளி வைத்து, பூத்தொடுக்கிற நூலை அவற்றுக்கு நடுவே இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் விழுகிற வழிதான் மிகக் குறுகிய வழி. அதனால்தான், தட்டையான படத்தில் வில்லாக வளைந்து தெரிகிற விமானப் பாதை உண்மையில் நேர் பாதையாக இருக்கிறது.

தூரம் சரி. நேரக் கணக்கில்தான் கோளாறு. வானத்தில் ஏறிச் சமநிலைக்கு வந்த பிறகு, இரட்டை விசிறி வைத்த ஏ.டி.ஆர். விமானம் மணிக்குச் சுமார் 500 கிலோமீட்டர் போகும். அந்த வேகத்தால் 40-ஐ வகுத்தால் ஐந்து நிமிஷம். ஆனால் விமானம் நின்ற இடத்திலிருந்தே அந்த வேகத்தில் கிளம்பிவிடுமா? நகர வேண்டும், ஓடுபாதைக்கு வரவேண்டும், உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டும், ஓட வேண்டும், ஏற வேண்டும். பிறகு இவ்வளவையும் தலைகீழாகச் செய்து இறங்க வேண்டும். விமானக் கம்பெனிகள் பிரயாண நேரம் என்று அட்டவணையில் போடுவது, விமானம் ஓர் ஊரில் நின்ற இடத்தை விட்டு நகர்ந்தது முதல் மறு ஊரில் போய் நிற்கிறவரை ஆகும் நேரத்தைத்தான்.

பக்கத்து உதாரணமே இருக்கிறது. கடலூருக்கு வடக்கே புதுச்சேரி லாஸ்பேட்டையில் விமான நிலையம் உண்டு. அங்கிருந்து பெங்களூர் விமான நிலையம் ஆகாய வழியில் சுமார் 265 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் அரை மணி. ஆனால் அட்டவணையிலோ ஒரு மணிக்கு மேல் போட்டிருப்பார்கள். வீட்டிலிருந்து விமான நிலையத்துக்குப் போகிற நேரம், பெட்டியைக் கொடுத்து, சோதனை முடிந்து உட்கார்ந்திருக்கிற நேரம் இதில் சேர்த்தி இல்லை.

அதற்காக ஐந்து நிமிஷ விமானமே உலகத்தில் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகளில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று இரண்டு சின்னத் தீவுகள். நடுவே மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. 1967 முதல் அங்கே விமானம் பறக்கிறது. அட்டவணைப்படி பிரயாண நேரம் இரண்டே நிமிஷம். காற்று அனுகூலமாக இருந்த ஒரு நாளில் 53 விநாடியில் போய் இறங்கியிருக்கிறார்கள்! அங்கே நடுவில் கடல், அதனால் விமானம். நம் இரண்டு ஊர்களுக்கும் நடுவே தரையும் ஆறும் இருக்கின்றன. அதனால் பஸ்ஸும் ரயிலும்.

பீரங்கிக் குண்டு அளந்த ஊர்

ஆகாயத்தில் கோடு இழுத்துத் தூரம் சொல்வது கடலூருக்குப் புதிதல்ல. முந்நூறு வருஷங்களுக்கு முன்பே அந்த வித்தை அங்கே நடந்திருக்கிறது.

1690-ஆம் வருஷம். செஞ்சியில் மராட்டியர் ஆட்சி. தேவனாம்பட்டினத்தில், கெடிலம் கடலோடு சேரும் இடத்துக்குப் பக்கத்திலிருந்த கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. அப்போது சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்தவர் எலிஹு யேல். அமெரிக்காவிலுள்ள யேல் சர்வகலாசாலைக்கு இவர் பெயரைத்தான் வைத்தார்கள். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு ஒரு விசித்திரமான நிபந்தனை எழுதிக்கொண்டார்கள். கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு தூரமும் கம்பெனிக்குச் சொந்தம்!

எவ்வளவு மருந்து கெட்டிப்பது, பீரங்கியின் வாயை எவ்வளவு தூக்குவது என்பதெல்லாம் சுடுகிறவனின் சாமர்த்தியம் அல்லவா? சாமர்த்தியமாகவே சுட்டார்கள். நாலா பக்கமும் குண்டு பறந்தது. கடலூர்ப் பட்டணமே அந்த வட்டத்துக்குள் வந்துவிட்டது. அப்படி அகப்பட்ட ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் நிலைத்தது. அந்தக் கோட்டைதான் செயின்ட் டேவிட் கோட்டை. 1758-ல் பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பிடித்து இடித்துத் தள்ளினார்கள்.

குண்டு நேராகப் பறந்தது. கீழே யார் வீடு, யார் வயல் என்று பார்க்கவில்லை. கைபேசி சொல்கிற ஐந்து நிமிஷமும் அந்தக் குண்டைப் போலத்தான். கீழே என்ன இருக்கிறதென்று அது பார்ப்பதில்லை. நாம் கொஞ்சம் கீழே இறங்கிப் பார்ப்போம்.

ஆறுகள் கேட்கிற நேரம்

கடலூரிலிருந்து சிதம்பரம் போக மிக இன்பமான வழி ரயில். மஞ்சக்குப்பம் கெடிலத்துக்கு வடகரை. தென்கரையில் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன். கல்லிலே கட்டிக் கடலில் போட்ட அப்பர் பெருமான் கரையேறியது இந்தப் பகுதியில்தான் என்பது ஐதீகம். 'கரையேறவிட்ட குப்பம்' என்று ஓர் ஊரே அந்தப் பெயரைத் தாங்கி நிற்கிறது. அடுத்தது கடலூர் துறைமுகம் ஜங்ஷன். பிறகு ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம். பல காலம் மீட்டர் கேஜில் ஆடி ஆடிப் போன இந்தப் பாதை 2010-ல் அகலப்பாதையாகத் திறக்கப்பட்டது.

பரங்கிப்பேட்டை சின்ன ஸ்டேஷன்தான். ஆனால் பெரிய சரித்திரம். 1781 ஜூலை முதல் தேதி ஹைதர் அலிக்கும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டுக்கும் இங்கே பெரும் போர் நடந்தது. 1830 வாக்கில் ஹீத் என்ற ஆங்கிலேயர் இங்கே இரும்பு உருக்கும் ஆலை வைத்தார். இன்று அண்ணாமலை சர்வகலாசாலையின் கடல் உயிரியல் ஆராய்ச்சி நிலையம் இங்கே இருக்கிறது. பரங்கிப்பேட்டையைத் தாண்டியதும் வெள்ளாற்றுப் பாலம். முடிந்தால் ஜன்னல் ஓரம் உட்காருங்கள். கடலை நெருங்கிவிட்ட ஆறு, அவசரமே இல்லாமல் அகன்று கிடக்கும். அதைத் தாண்டினால் கிள்ளை. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு இந்தப் பக்கத்தில்தான்.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு வேறு காட்சி. பழைய பட்டணத்தைத் தாண்டியதும் சிப்காட் தொழிற்சாலைகள். பிறகு ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பு.முட்லூர். அங்கே வெள்ளாறு குறுக்கிடுகிறது. முன்பெல்லாம் புவனகிரிக்குப் போய்ச் சுற்றிக்கொண்டுதான் சிதம்பரம் போகவேண்டும். ஸ்ரீ ராகவேந்திரர் அவதரித்த ஊர் என்பதால் சுற்றினாலும் புண்ணியம்தான்! முட்லூர்ப் பாலம் வந்த பிறகு சுற்று குறைந்தது. விழுப்புரம் – நாகப்பட்டினம் நான்கு வழிச் சாலை வேலையால் இன்னும் குறைந்தது.

ஆக, இந்த 40 கிலோமீட்டரின் பிரயாண நேரத்தைத் தீர்மானிப்பது சக்கரத்தின் வேகம் மட்டும் அல்ல, ஆறுகளும் பாலங்களுந்தான். கெடிலம், உப்பனாறு, பரவனாறு, வெள்ளாறு என்று ஒவ்வோர் ஆறும் தன் பங்கு நேரத்தைக் கேட்கிறது. பாலம் கட்டக் கட்டத் தூரம் குறையாவிட்டாலும் நேரம் குறைகிறது.

நாளைப் போவார்

ஆனால் பாலம் கட்டித் தீராத தடையும் உண்டு. தில்லைக்குப் போகும் பிரயாண நேரத்தைப் பற்றிப் பேசிவிட்டு நந்தனாரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியுமா?

கொள்ளிடக் கரையிலிருந்த ஆதனூர் அவர் ஊர் என்கிறது பெரிய புராணம். அங்கிருந்து தில்லை ஒரு பகலில் நடந்துவிடக்கூடிய தூரம். விமானக் கணக்குப் போட்டால் சில நிமிஷந்தான் ஆகும். அந்தத் தூரத்தைக் கடக்க அவருக்கு எவ்வளவு காலம் பிடித்தது! நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று சொல்லிச் சொல்லித் 'திருநாளைப் போவார்' என்பதே அவர் பெயராகிவிட்டது. நடுவே நின்றது ஆறு அல்ல, ஜாதி. பிறந்த குலத்தைக் காரணமாக்கி மனிதர்கள் போட்ட வேலி. கோபாலகிருஷ்ண பாரதியார் 19-ஆம் நூற்றாண்டில் இந்தக் கதையைக் கீர்த்தனைகளாகப் பாடினார். 1935-ல் கே.பி. சுந்தராம்பாளும், 1942-ல் தண்டபாணி தேசிகரும் திரையில் நந்தனாராக நடித்தபோது, எத்தனையோ தாய்மார்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர்களை அழவைத்தது அந்த 'நாளை' என்ற ஒரு சொல்தான். தூரம் எல்லாருக்கும் ஒன்று. பிரயாண நேரம் ஆளுக்கு ஆள் வேறு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நிமிஷம் உயிராகும்போது

இன்றைக்கும் அது வேறு வேறாகத்தான் இருக்கிறது. கடலூர் ஜில்லாவின் அரசு மருத்துவக் கல்லூரி எங்கே என்று கேட்டால், சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரைத்தான் காட்டவேண்டும். சர்வகலாசாலையோடு இருந்த ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியை 2021-ல் அரசு எடுத்து, ஜில்லாவின் அரசு மருத்துவக் கல்லூரியாக ஆக்கியது. ஆகவே கடலூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பெரிய சிகிச்சை என்றால் இந்த 40 கிலோமீட்டர் பிரயாணம் அவசியமாகிவிடுகிறது. ஆருத்ரா தரிசனத்துக்குப் போகும்போது ஜன்னல் வழியே ரசித்த அதே சாலை, பிரசவ வலியோடு ஒரு பெண்ணை அழைத்துப் போகும்போது எவ்வளவு நீண்டுவிடும்!

அதிலும் இது புயலும் வெள்ளமும் விடாமல் வந்து போகும் ஜில்லா. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல். பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. 2015 நவம்பர், டிசம்பரில் ஊர் ஊராக வெள்ளம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மழையால் தென்பெண்ணை கரை புரண்டு, கடலூர் – புதுச்சேரிச் சாலையில் போக்குவரத்தே நின்றது. அந்த நாளில் கைபேசியைக் கேட்டிருந்தாலும் அது பழைய நிமிஷக் கணக்கையேதான் சொல்லியிருக்கும். தண்ணீரில் நிற்கிறவர்களுக்கு நேரம் என்பது தண்ணீர் வடிகிற நேரம்.

மழை மாதங்களில் பிள்ளைப்பேற்றை எதிர்பார்க்கும் வீடுகளில் பெரியவர்கள், "நாள் நெருங்கினால் ஆஸ்பத்திரி இருக்கிற ஊரிலேயே ஓர் உறவுக்காரர் வீட்டில் போய் இருந்துவிடு" என்று சொல்வது வீண் பயம் அல்ல. அது அனுபவம் போட்ட கணக்கு. கணக்குப் போடும் யந்திரங்களுக்கு அந்த அனுபவம் கிடையாது.

பிள்ளை எங்கே வந்து இறங்குவது?

இனி, வீட்டுக்கு உபயோகமான விஷயத்துக்கு வருவோம். சிங்கப்பூரிலிருந்து பிள்ளை வருகிறான். எந்த ஊருக்கு டிக்கெட் வாங்கச் சொல்வது? "இரண்டும் ஒரே ஜில்லாதானே!" என்று கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் ஒரே பதில் சொல்லிவிடாதீர்கள்.

கடலூரிலிருந்து ஆகாய வழியில் சென்னை விமான நிலையம் சுமார் 145 கிலோமீட்டர். திருச்சி சுமார் 160. ஆகவே கடலூருக்குச் சென்னைதான் கிட்டம். சிதம்பரத்திலிருந்து சென்னை சுமார் 183. திருச்சியோ சுமார் 128 தான். ஆகவே சிதம்பரத்துக்குத் திருச்சி கிட்டம். 40 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்ததும் விமான நிலையமே மாறிவிட்டது! வரப்பு எங்கே என்று கணக்குப் போட்டுப் பார்த்தால், ஆலப்பாக்கம் வருவதற்கு முன்பே வந்துவிடுகிறது. அதற்கு வடக்கே இருப்பவர்களுக்குச் சென்னை, தெற்கே இருப்பவர்களுக்குத் திருச்சி என்று வைத்துக்கொள்ளலாம். சாலை வழியில் பார்த்தாலும் சிதம்பரத்துக்குத் திருச்சிதான் கிட்டம். சென்னையிலிருந்து காரில் வந்தால் 200 கிலோமீட்டருக்கு மேல். திருச்சியில் 2024-ல் புது நிலையக் கட்டடம் திறந்திருக்கிறார்கள். சிங்கப்பூர், கோலாலம்பூர் விமானங்கள் நேராக அங்கே வருகின்றன.

பெங்களூரிலோ ஹைதராபாத்திலோ இருக்கும் பெண் பிறந்த வீட்டுக்கு வருகிறாள் என்றால், இரண்டு ஊர்களுக்குமே புதுச்சேரிதான் கிட்டம். ஆகாய வழியில் கடலூரிலிருந்து 25 கிலோமீட்டருக்குள், சிதம்பரத்திலிருந்து 64. அங்கே ஓடுபாதை 1,500 மீட்டர்தான். பெரிய விமானங்கள் இறங்க முடியாது. அதனால் வரும் விமானங்களும் சின்னவை. அந்த ஊர் விமானப் போக்குவரத்து பல தடவை வந்தும் நின்றும் போயிருக்கிறது. 2024 டிசம்பர் 20-ல் இண்டிகோ கம்பெனி பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் புதுச்சேரியிலிருந்து மீண்டும் விமானம் விட்டது. நெய்வேலியிலும் ஓர் ஓடுதளம் உண்டு. சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் உதான் திட்டத்தில் அதன் பெயரும் சேர்ந்தது. எதுவானாலும், அன்றைய நிலைமையை விசாரித்துவிட்டே டிக்கெட் வாங்குவது உத்தமம்.

டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் நேரத்தைப் பிரயாண நேரம் என்று எண்ணிவிட வேண்டாம். புறப்படும் வீட்டு வாசற்படியிலிருந்து வந்து சேரும் வீட்டு வாசற்படி வரை கூட்டிப் பாருங்கள். உள்நாட்டு விமானத்துக்கு இரண்டு மணி முன்னதாகவும், வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி முன்னதாகவும் போகவேண்டும். இறங்கிய பிறகு பெட்டி வர அரை மணி. பிறகு சாலை, மழைக்காலமானால் ஆறு. இவ்வளவையும் கூட்டிய பிறகே சாதத்துக்கு உலை வையுங்கள்!

சிதம்பரத்தில் நான்கு திசைக்கும் நான்கு ராஜகோபுரங்கள். வடக்குக் கோபுரத்தில் கிருஷ்ணதேவராயரின் பெயர் நிலைத்திருக்கிறது. கடலூரிலிருந்து அவர் காலத்தில் வந்தவர்களுக்கும் தூரம் இதே 40 கிலோமீட்டர்தான்; இன்றைக்கும் அதேதான். அந்த எண்ணை யாராலும் மாற்ற முடியாது. ஒரு பாலம், ஒரு நல்ல சாலை, நேரத்துக்கு வருகிற ஒரு 108 வண்டி – மாற்றக்கூடியவை இவைதான். ஆகாயத்தில் ஐந்து நிமிஷம் என்பது இருக்கட்டும். வெள்ளம் வந்த நாளிலும் தரையில் ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர முடியுமானால், அதுவே இந்த ஜில்லாவுக்குக் கிடைக்கக்கூடிய நல்ல விமானம்.